அபாய அளவு 3: எந்தச் சரிவில் இறங்குவது?

மூன்று நாள் விடாமல் கொட்டிய பனி நேற்று ராத்திரியோடு ஓய்ந்துவிட்டது. காலையில் வானம் பளிச்சென்று இருக்கிறது. பனிச்சரிவு முன்னறிவிப்பைத் திறந்து பார்த்தால், மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே அபாய அளவு 3 என்று போட்டிருக்கிறார்கள். நான்கு பேர் கொண்ட குழு. எல்லோரிடமும் டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), புரோப் கம்பி (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் இருக்கின்றன. எங்கே போவது?

லிஃப்டும் இல்லாமல் ரோந்துக் குழுவும் இல்லாமல், சொந்தக் காலில் ஏறி ஸ்கீயில் சறுக்கி இறங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு பருவத்திலும் பலமுறை வரும். பெரும்பாலும் கையில் இருக்கும் வழிகள் ஐந்துதான். நிழல் பக்கத்தில் உள்ள செங்குத்தான கிண்ணச் சரிவு. அதற்குக் கீழே உள்ள காடு. 30 டிகிரிக்குக் குறைவான அகலமான மலைமுதுகு. வெயில் படும் சரிவில் அதிகாலை இறக்கம். இவை எதுவும் வேண்டாமென்றால், இரண்டு நாள் பொறுத்துப் போவது.

ஐந்தையும் ஒப்பிடுகிற பலரும் செய்வது, 3 என்ற எண்ணை வைத்துக்கொண்டு "இது ஓகே, அது ஓகே இல்லை" என்று பிரிப்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு வரியில் எழுதியிருக்கும் பிரச்சினையின் வகைதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே 3, ஒரு நாளில் சரிவின் திசையை மாற்றினால் தீர்ந்துவிடும். இன்னொரு நாளில் எந்தத் திசையும் உதவாது, கோணத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

அந்த எண்ணைப் பற்றி முதலில்

ஐரோப்பா முழுவதும் ஒரே ஐந்து படி அளவுகோல் 1993-இல் வந்தது. வட அமெரிக்காவிலும் ஐந்து படிதான். 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். மூன்று நடுவில் உட்கார்ந்திருப்பதால் "பாதிக்குப் பாதி, சமாளிக்கலாம்" என்று மனம் சொல்லிக்கொள்கிறது. ஆனால் இந்தப் படிகள் சம உயரத்தில் இல்லை. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. அதற்கும் மேலேயே ஏறுகிறது என்கின்றன பிறகு வந்த கணக்குகள்.

சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அளவு 3 அறிவிக்கப்பட்ட நாள்களில் இறக்கிறார்கள். இதில் வியப்பு இல்லை. அளவு 4 என்றால் மலையே தன் நிலைமையைக் காட்டிவிடும். பக்கத்துச் சரிவுகள் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும், பார்த்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அளவு 3-இல் மலை பேசாமல் நிற்கும். வரையறையில் "சிறிய கூடுதல் சுமையே பனிச்சரிவைக் கிளப்பக்கூடும்" என்று வருகிறதே, அந்தச் சிறிய சுமை என்பது ஒற்றை ஆள்தான். சிக்கிக்கொள்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் விபத்தில், பனிச்சரிவைக் கிளப்பியது அவரோ அவர் குழுவில் ஒருவரோதான். மேலேயிருந்து எதுவோ வந்து விழுந்தது என்பது அபூர்வம்.

பிரச்சினை எந்த வகை?

ஐரோப்பிய முன்னறிவிப்புகள் ஐந்து வகை சொல்கின்றன: புதுப்பனி, காற்று சேர்த்த பனிப்பாளம் (பலகைபோல் இறுகிய பனி அடுக்கு), நீடிக்கும் பலவீன அடுக்கு, ஈரப்பனி, தரையோடு வழுக்கும் பனி. வட அமெரிக்காவில் இதையே ஒன்பதாகப் பிரிப்பார்கள். நம் முடிவுக்கு முதல் மூன்றும்தான் முக்கியம். ஈரப்பனி வெயில் சரிவு பற்றிப் பேசும்போது வரும்.

புதுப்பனிப் பிரச்சினை எளிமையானது. வேகமாக நிறைய விழுந்தால் அது தன்னைத்தானே கெட்டிப்படுத்திக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. எவ்வளவு விழுந்தால் அபாயம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. பலத்த காற்று, கடுங்குளிர், கீழே வழுக்கும் பழைய பரப்பு என்றால் 10 முதல் 20 செ.மீ. போதும். காற்றில்லாமல், உறைநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பநிலையில் ஆரம்பித்து விழுந்திருந்தால் 30 முதல் 60 செ.மீ. வரைகூடத் தாங்கும். முன்னறிவிப்பில் பனியின் அளவை மட்டும் பார்த்துவிட்டுக் காற்றைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்குக் காற்றுதான் முதல் தகவல்.

காற்றுப்பாளம் அப்படி உருவாவதுதான். மணிக்கு 25 கி.மீ. அளவுக்குக் காற்று அடித்தாலே தளர்ந்த பனி நகரத் தொடங்கும். காற்று வாங்கும் பக்கத்தைச் சுரண்டி, மலைமுதுகுக்கு அந்தப்புறம் மறைவான பக்கத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக இப்படிக் குவியும். ஒரு பனித்துளிகூட விழாத நாளிலும் சரிவு பாரமேறலாம். நல்ல விஷயம், இதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. முகட்டில் தொங்கும் பனி விளிம்பு, மேற்பரப்பில் அலை அலையான வரிகள், ஸ்கீ முனையிலிருந்து கோடு கோடாக ஓடும் விரிசல், காலடியில் கேட்கும் ஒரு பொள்ளலான ஒலி. எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது வகை வேறு ஜாதி. பருவத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுகிறது, அப்புறம் வாரக்கணக்கில் தெளிந்த, குளிர்ந்த இரவுகள். தரை 0 டிகிரி அளவில் இருக்க, பனியின் மேற்பரப்பு மைனஸ் 20-இல் கிடக்கிறது. பனி மெல்லியதாக இருப்பதால், ஒவ்வொரு 10 செ.மீ. தடிமனுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. அந்த நிலையில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு, முனைமுனையான தனித்தனி மணிகளாக வளரும். குழி தோண்டி, சுவரைக் கையுறையால் லேசாகத் தடவினால், மேலே உள்ள அடுக்கு அப்படியே நிற்க, கீழிருந்து சர்க்கரை மூட்டை கிழிந்ததுபோல் மணிகள் பொலபொலவென்று கொட்டும். இதன்மேல் புதுப்பனி ஒரு மீட்டர் ஏறிவிட்டால் மேற்பரப்பில் எந்த அடையாளமும் இருக்காது. மேற்பரப்பிலேயே வளர்ந்து பிறகு புதைந்துபோகும் உறைபனிப் படிகங்களும் இதே ரகம். குழிச்சுவரில் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரியும். அந்தக் கோடு முழுச் சரிவையும் கீழே இறக்கிவிடும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஐந்து வழிகளுக்கும் போக வேண்டும்.

கிண்ணச் சரிவு

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். நிழல் பக்கம் என்பதால் பனி உலர்ந்து, மென்மையாக, நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். (வட அரைக்கோளத்தில் வடக்குப் பக்கம். தென் அரைக்கோளத்தில் சறுக்குகிறவர்கள் திசைகளை மாற்றிப் படிக்கவும்.) ஆனால் பனியை நன்றாக வைத்திருக்கும் அதே குளிரும் நிழலும்தான் பலவீன அடுக்கையும் அழியாமல் வைத்திருக்கின்றன.

கோணத்தைப் பாருங்கள். பாளமாக உடையும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் நடக்கின்றன, 38-ஐ ஒட்டித்தான் மிக அதிகம். சறுக்க மிகவும் சுகமான கோணமும் ஏறத்தாழ அதேதான். கிண்ண வடிவம் இன்னொரு சிக்கல். மூன்று பக்கமும் சரிவு, அடியில் ஒடுங்கிய பள்ளம். சின்னப் பனிச்சரிவுகூட அந்தப் பள்ளத்தில் ஆழமாகக் குவிந்துவிடும். திறந்த வெளியில் முழங்கால் அளவுக்குப் பரவியிருக்கக்கூடிய பனி, இங்கே இரண்டு மீட்டர் மேடாகி ஆளை மூடிவிடும்.

"ஏற்கெனவே நாலு தடம் இருக்கிறதே" என்பது இங்கே அதிகம் கேட்கும் வாதம். காற்றுப்பாளமோ பலவீன அடுக்கோ எதுவானாலும் பாளத்தின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. தடித்த இடத்தில் போனவரின் எடை கீழே உள்ள அடுக்கு வரை இறங்கியிருக்காது. பாறைக்குப் பக்கத்தில், முதுகின் வளைவில், பாளம் மெலிந்த ஓர் இடத்தை ஐந்தாவது ஆள் மிதிக்கும்போது விரிசல் அங்கிருந்து முழுக் கிண்ணத்துக்கும் ஓடும். உடைவது ஆளுக்கு மேலே இருக்கும். உலர்ந்த பாளம் சில நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். சறுக்கித் தப்பிக்கலாம் என்பது நடக்காத கதை.

குழி தோண்டிச் சோதித்துவிட்டுப் போனால்? அகலம் 90 செ.மீ., உள்வாக்கில் 30 செ.மீ. என்று ஒரு தூணை வெட்டி எடுத்து, ஒரு முனையில் ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவது நல்ல சோதனைதான். பன்னிரண்டாவது தட்டில் விரிசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினால், அன்றைக்குக் கிண்ணம் கிடையாது, பேச்சு முடிந்தது. விரிசல் ஓடவில்லை என்றால்? அந்த ஓர் இடத்தில் ஓடவில்லை, அவ்வளவுதான். இருபது மீட்டர் தள்ளி வேறு கதை இருக்கலாம். இந்தச் சோதனைக்கு "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உண்டு, "போகலாம்" என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. அப்படித்தான் நான் அதை வைத்துக்கொள்கிறேன்.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990-களில் பரப்பிய எளிய விதி இந்த இடத்தில் கைகொடுக்கும். அளவு 2 என்றால் 40 டிகிரிக்குள், அளவு 3 என்றால் 35-க்குள், அளவு 4 என்றால் 30-க்குள். அளவிட வேண்டியது சரிவின் மிகச் செங்குத்தான பகுதியை, சராசரியை அல்ல. நம் கிண்ணத்தின் கோணம் 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விதிப்படியே அது வெளியே போய்விடுகிறது. விதி முழுப் பாதுகாப்பு தரும் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அரைமணி நேர வாக்குவாதத்தை அது மிச்சப்படுத்தும்.

காடு

மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கை பாதி உண்மை. பனியைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு நெருக்கமான காட்டில் சறுக்க முடியாது. சறுக்க வசதியான இடைவெளியுள்ள காடு பனியைப் பிடித்து நிறுத்தாது. காட்டின் நடுவே ரம்மியமாக ஒரு வெட்டவெளி தெரிந்தால், அது ஏன் வெட்டவெளியாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஓரத்து மரங்களில் மேட்டுப் பக்கக் கிளைகள் மட்டும் முறிந்து போயிருந்தால், அது பனிச்சரிவு வழக்கமாக வரும் பாதை.

காட்டுக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. காற்று குறைவு, அதனால் காற்றுப்பாளம் குறைவு. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது மேலே எதுவும் தெரியாது, காட்டில் மரங்களை வைத்துத் திசை புரியும். ஆகவே புயல் நடக்கும் நாளுக்கு இது சரியான தேர்வு. ஆனால் காற்றில்லாத அதே அமைதியில்தான் உறைபனிப் படிகங்கள் கலையாமல் இருந்து பிறகு புதைகின்றன. பிரச்சினை அந்த வகை என்றால் காடு ஒரு பாதுகாப்பும் இல்லை. போதாக்குறைக்கு, சின்னப் பனிச்சரிவில் இழுக்கப்பட்டாலும் மரத்தில் மோதுகிறோம். பனிச்சரிவே இல்லாமல், மரத்தடியைச் சுற்றியிருக்கும் தளர்ந்த பனிக்குழியில் தலைகீழாக விழுந்து மூச்சுத் திணறுவதும் நடக்கிறது. காட்டில் கூட்டாளியைக் கண்பார்வையிலேயே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

30 டிகிரிக்குக் குறைவான மலைமுதுகு

போரடிக்கும் என்று ஒதுக்கப்படும் வழி இது. நான் அதிகம் போய் நிற்பது இங்கேதான், ஆகவே என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

30-க்குக் கீழே பாளம் உடைந்து ஓடுவது அரிது. புதுப்பனியா, காற்றா, பழைய அடுக்கா என்று நாம் தப்பாகக் கணித்திருந்தாலும் கோணம் காப்பாற்றும். மற்ற நான்கு வழிகளும் நம் கணிப்பு சரியாக இருந்தால் மட்டுமே பாதுகாப்பு. இந்த ஒரு வழிதான் கணிப்புத் தவறையும் தாங்கும். ஒப்பீட்டில் இதைவிடப் பெரிய புள்ளி எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

சுகம் குறைவுதான், ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. 25 முதல் 28 டிகிரியில், நாற்பது சென்டிமீட்டர் உலர்ந்த பனியில், அகலமான ஸ்கீயோடு இறங்குவது அருமையான அனுபவம். 20-க்குக் கீழே போனால்தான் ஆழ்பனியில் ஸ்கீ நின்று நின்று போகும், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிவரும்.

ஆனால் "குறைந்த கோணம்" என்று எழுதிவிட்டால் முடிந்துவிடாது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கோணம் உண்மையிலேயே குறைவா என்பது. செயலிகளில் வரும் கோண வண்ண வரைபடம் நிலத்தைக் கட்டம் கட்டமாகச் சராசரி எடுத்துத்தான் வண்ணம் பூசுகிறது. பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்து மேடு அதில் காணாமல் போய்விடும். அந்த மேட்டில் உடையும் பனி ஒரு ஆளைப் புதைக்கப் போதும். வரைபடத்தில் திட்டம் போடுங்கள், சரிவில் நின்று கோணமானியால் அளந்து பாருங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம்: தலைக்கு மேலே என்ன இருக்கிறது? 2013 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் க்ரீக் பள்ளத்தாக்கில் ஆறு பேர் சிக்கினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. அன்றைய அளவு 3 என்பதும், வடக்குச் சரிவுகளில் ஆழத்தில் பலவீன அடுக்கு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பாதுகாப்பான வேறொரு சரிவுக்குப் போவதுதான் திட்டம். போகும் வழியில் அந்த வடக்குச் சரிவின் அடிப்பகுதியைக் கடக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுத்தான் கடந்தார்கள். அடியிலிருந்து அவர்கள் தந்த அழுத்தமே மேலே இருந்த பாளத்தை உடைத்துவிட்டது. ஆறு பேருமே அதன் பாதையில் இருந்தார்கள்.

நீடிக்கும் பலவீன அடுக்கு இருக்கும் நாளில் இப்படித் தொலைவிலிருந்தே கிளம்பும். விரிசல் சமதளத்தில்கூட ஓடி, செங்குத்தான இடத்தைத் தொட்டதும் அங்கே உடையும். அதனால் முதுகின் மேலேயே இருக்கும் குறைந்த கோணம் வேறு, பெரிய சரிவின் காலடியில் இருக்கும் குறைந்த கோணம் வேறு. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே வண்ணம்தான் இருக்கும். நான் இந்த வழியைப் பரிந்துரைப்பது முதல் வகைக்கு மட்டும்.

வெயில் சரிவு, அதிகாலையில்

வசந்த காலத்தில் இது ராஜா. பகலில் மேற்பரப்பு உருகுகிறது, தெளிந்த இரவில் உறைந்து இறுகுகிறது, காலையில் மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது வெண்ணெய் வழுக்கலாக இறங்கலாம். உறைந்திருக்கும் வரை மொத்த அடுக்கும் ஒரே பலகையாக நிற்கும். கிழக்குச் சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. கடிகாரத்தைப் பார்த்து, அந்த வரிசையிலேயே சரிவுகளைத் தேர்ந்துகொள்ளலாம். ஆபத்து இங்கே நேரத்தோடு ஏறுகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரிந்தே ஏறுகிறது. பாறைகளுக்குக் கீழிருந்து பனி உருண்டைகள் சுருண்டு இறங்க ஆரம்பித்தாலோ, பூட்ஸ் கணுக்காலைத் தாண்டி இறங்கினாலோ நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். முந்தைய இரவு மேகமூட்டமாக இருந்தால் உறைந்தே இருக்காது. அன்றைக்கு எழுந்ததே வீண்.

நாம் பேசும் இந்தக் காலைக்கு இது பொருந்தாது. மூன்று நாள் விழுந்த உலர் பனிமேல் முதல் வெயில் படப்போகிறது. உருகி உறைந்த பலகை அங்கே இன்னும் உருவாகவில்லை. முதல் வெயிலில் வெயில் பக்கச் சரிவுகள்தான் தாமாகவே முதலில் இறங்கும்.

இரண்டு நாள் பொறுப்பது

புதுப்பனி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் இறுகிவிடும். காற்றுப்பாளத்துக்குச் சில நாள், கடுங்குளிரில் இன்னும் கூடுதலாக ஆகும். இந்த இரண்டு வகைக்கும் பொறுமை நல்ல விலைக்குப் போகும். புயல் முடிந்த முதல் தெளிந்த நாளை மட்டும் தவிர்த்தாலே ஆபத்தில் பெரும்பங்கு கழிந்துவிடும். முதல் தெளிந்த நாளில்தான் எல்லோரும் மலையில் இருப்பார்கள், விபத்துகளும் அன்றுதான் குவியும்.

பழைய பலவீன அடுக்கு விஷயத்தில் பொறுப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. வாரக்கணக்கில், சில பருவங்களில் மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். நாள் போகப்போகத் தடங்கள் கூடும், பயம் குறையும், முன்னறிவிப்பில் எண்ணும் 2-க்கு இறங்கும். 2 என்றால் கிளம்பக்கூடிய இடங்கள் குறைந்துவிட்டன என்றுதான் அர்த்தம். மிச்சமிருக்கும் இடங்களில் கிளம்பினால், முன்பு போலவே முழுச் சரிவும் தரை வரை வரும். அதனால்தான், காற்றுப்பாளம் காரணமான அளவு 3-ஐவிட, ஆழத்து அடுக்கு காரணமான அளவு 2-க்கு நான் அதிகம் பயப்படுகிறேன். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஆறாவதாக ஸ்கீ மையத்துக்குள்ளேயே சறுக்குவதைச் சொல்லலாம். எல்லைக்குள் ரோந்துக் குழு வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. எல்லைக் கதவைத் தாண்டி ஐம்பது மீட்டர் போனால் அந்த வேலை எதுவும் நடந்திருக்காது. லிஃப்டில் ஏறி வந்தோம் என்பதால் அந்தச் சரிவு வேறாகிவிடாது.

உபகரணம் தேர்வை மாற்றுமா?

மாற்றக் கூடாது. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். 35 நிமிடம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். வெளியிலிருந்து மீட்புக் குழு அந்த நேரத்துக்குள் வந்துசேர்வது அபூர்வம். ஆகவே 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் அந்த டிரான்ஸீவரும், புரோப்பும், ஷவலும் கூட்டாளியின் கையில் இருக்க வேண்டும், அவருக்கு அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை வாரித் தள்ள வேண்டிவரும், அதுவும் கல்லாக இறுகிய பனியை. பிளாஸ்டிக் ஷவல் வைத்திருப்பவர்கள் இன்றே அதை மாற்றிவிடலாம்.

ஏர்பேக், அதாவது கைப்பிடியை இழுத்ததும் முதுகுப்பையிலிருந்து ஊதி விரியும் பை, பற்றித் தனியாகக் கேட்பார்கள். ஓடும் பனியில் பெரிய பொருள்கள் மேலே வரும் என்ற இயற்பியலை நம்பி வேலை செய்வது அது. 2014-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, பெரிய பனிச்சரிவில் சிக்கியவர்களில் விரிந்த ஏர்பேக் உள்ளவர்களின் இறப்பு விகிதம் 22-இலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தில் ஒன்று விரியவே இல்லை. அதற்கு முக்கியக் காரணம் கைப்பிடியை இழுக்காததுதான். மரத்திலும் பாறையிலும் மோதுவதற்கும், பள்ளத்தில் குவியும் பனிக்கும் ஏர்பேக்கிடம் பதில் இல்லை. கனடாவில் பனிச்சரிவு இறப்புகளை ஆராய்ந்தபோது சுமார் கால்வாசிப் பேர் இறந்தது மோதல் காயங்களால். ஏர்பேக்கை நம்பி 28 டிகிரியை விட்டு 38-க்குப் போவதாக இருந்தால், அதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

மூன்று விதமான காலை

பிரச்சினை புதுப்பனி மட்டுமே, காற்று பெரிதாக அடிக்கவில்லை, கீழே நல்ல பழைய பனி என்றால்: முதல் நாள் மலைமுதுகு, இரண்டு மூன்று நாள் கழித்து முன்டர் விதிக்குள் அடங்கும் செங்குத்தான சரிவுகள். அப்போது கிண்ணத்தையும் யோசிக்கலாம்.

காற்றுப்பாளம் என்றால்: காற்று பனியைக் கொண்டுவந்து குவித்த மறைவுப் பக்கத்தை விட்டு, காற்று எட்டாததால் அப்படிக் குவியாத பள்ளங்களும் காடும். கோணம் 30-ஐச் சற்றுத் தாண்டினாலும், பாளம் இல்லை என்று நேரில் பார்த்துவிட்டால் போகலாம். கண்ணால் பார்த்து முடிவெடுக்க இடம் தருவது இந்த வகைதான், அனுபவத்துக்கு மதிப்பு அதிகமும் இங்கேதான்.

ஆழத்துப் பலவீன அடுக்கு என்றால்: அனுபவத்துக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. அடுக்கைப் பார்க்க முடியாது, எங்கே மெலிந்திருக்கிறது என்று ஊகிக்கவும் முடியாது. மேலே எதுவும் தொங்காத, 30-க்குக் குறைந்த முதுகு ஒன்றே வழி. அளவு 3 ஆனாலும் 2 ஆனாலும், அந்த அடுக்கு முன்னறிவிப்பிலிருந்து நீங்கும் வரை இதே பதில்.

இந்தத் தேர்வை முந்தின நாள் ராத்திரி, மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துச் செய்துவிடுவது நல்லது. அமெரிக்காவின் இயன் மெக்கேமன் 715 பனிச்சரிவு விபத்துகளை அலசி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, தகவல் இல்லாததைவிட, கையில் இருந்த தகவலை மீறியதுதான் திரும்பத் திரும்ப நடந்தது என்று காட்டியது. பழகிய சரிவு, குழுவில் யாரோ ஒருவர் மேல் உள்ள கண்மூடித்தனமான நம்பிக்கை, வேறு குழு முந்திவிடுமே என்ற அவசரம், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற பிடிவாதம். காலையில் மலையடியில் நின்றுகொண்டு, நீல வானத்தின்கீழ் இவற்றோடு மல்லுக்கட்டுவது கடினம். ராத்திரியே மூன்று பெயர்களை எழுதிவிடலாம்: போகும் சரிவு, மாற்றுச் சரிவு, எந்த நிலையிலும் போகக் கூடாத சரிவு. நால்வரில் யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் அது வேண்டாம்தான், அவர் காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

மலைமுதுகைத் தேர்ந்தெடுத்தாலும் வழியில் மூன்று விஷயத்துக்குக் காதும் கண்ணும் திறந்திருக்க வேண்டும். அதே திசை நோக்கிய பக்கத்துச் சரிவில் நேற்றோ இன்றோ இறங்கிய பனிச்சரிவு. ஸ்கீயிலிருந்து ஓடும் விரிசல். காலடியில் "வூம்" என்று அடங்கி ஒலிக்கும் சத்தம், அதாவது கீழே இருக்கும் அடுக்கு அப்போதே நொறுங்கிய சத்தம். கடைசியாகச் சொன்னது ஒருமுறை கேட்டாலும் மாற்றுச் சரிவைக்கூட விட்டுவிட்டு, ஏறிவந்த தடத்திலேயே, மேலே எதுவும் தொங்காத பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக இறங்கிவிட வேண்டியதுதான்.